எழுத்தின் மேல் ஓடும் ஒளி



குடும்பத்தைத் தனியே சுமக்கும் எங்கள் பெண்கள் பலருக்கு, வீட்டை விட்டுச் சென்று வேலை செய்வது இலகுவானதல்ல. பிள்ளைகளையும் வயோதிபப் பெற்றோரையும் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய தொழில்களில் கணினி வடிவமைப்பும் ஒன்று. கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோக்களின் தொடக்கத்தில் வரும் பெயர்களின் மேல் ஒரு பளபளப்பு ஓடி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். “அது பெரிய படிப்புப் படித்தவர்களின் வேலை, அக்கா” என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் சொல்வதுண்டு. அப்படியல்ல.

ஓர் அட்டையில் உங்கள் பெயரை எழுதி, எழுத்துகளை மட்டும் வெட்டி எடுங்கள். இருட்டில் அட்டையின் பின்னால் டோர்ச் லைற்றை மெதுவாக நகர்த்துங்கள். எழுத்துகள் அசைவதில்லை; ஒளிதான் அசைகின்றது. வெட்டிய இடத்தால் மாத்திரம் அது தெரிகின்றது. கணினியிலும் இதே வேலைதான்.

அங்கு மூன்று அடுக்குகள் வேண்டும். அடியில் பொன்னிறத்தில் பெயர். அதற்கு மேல் சற்றுச் சரிந்த வெள்ளைப் பட்டி ஒன்று. அதன் நடு வெண்மையாகவும், இரு கரைகளும் மெல்லக் கரைந்து மறைவதாகவும் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அதே இடத்தில் அதே பெயர். இது வெட்டிய அட்டையின் வேலையைச் செய்யும், ‘மாஸ்க்’ என்பார்கள். இனிப் பட்டியை இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு ஓட விடுங்கள். ஒரு செக்கனுக்கு 24 படங்கள் என்றால், ஒளி ஓட 24 படங்களும், ஓய்ந்திருக்க 48 படங்களும் போதும்.

2000களில் பலர் இதனை ஃபிளாஷ் மென்பொருளில் கற்றனர். ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசெம்பர் 31 உடன் நிறுத்திவிட்டது. ஆனால் முறை மாறவில்லை. இலவசமாகக் கிடைக்கும் சின்ஃபிக், பிளெண்டர் ஆகியவற்றிலும் இதனைச் செய்யலாம். முறையை விளங்கிக்கொண்டவள் மென்பொருள் மாறினாலும் கலங்க மாட்டாள்.

இரண்டு விடயங்களில் கவனம் தேவை. வேறு கணினியில் எழுத்து உடையாமலிருக்க, அதனை வடிவமாக மாற்றுவது வழக்கம். மாற்றிய பின் எழுத்துப்பிழையைத் தட்டச்சில் திருத்த முடியாது. எனவே மாற்றுவதற்கு முன்னரே மணமக்களின் பெயர்களை வீட்டாரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

அடுத்தது, ஒளி ஓடட்டும். வெட்டி வெட்டி மின்ன வேண்டாம். 1997 டிசெம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமொன் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதால், நூற்றுக்கணக்கான சிறுவர்கள் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒரு செக்கனில் 3 தடவைகளுக்கு மேல் எதுவும் மின்னக்கூடாது என்பது இணையப் பக்கங்களுக்கான சர்வதேச வழிகாட்டல். ஷெல் வெளிச்சத்தைக் கண்ட எங்கள் சனத்துக்கு இது இன்னும் முக்கியம். திடீர் வெளிச்சத்துக்கு இன்றும் நெஞ்சு திடுக்கிடுபவர்கள் எங்களுக்குள் இருக்கின்றார்கள். கலியாண வீட்டு வீடியோவை அவர்களும் நிம்மதியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் உங்கள் சொந்தப் பெயரில் செய்து பழகுங்கள். எவ்வளவு நேரம் சென்றது என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். நாளை கூலி பேசும்போது அந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும்.