கவசம் இல்லாக் களம்

பட்டோடியை அறிவாய், தோழனே! மன்சூர் அலிகான் பட்டோடி! 1961ஆம் ஆண்டு, ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழக அணியின் தலைவராக, இருபது வயது மாணவராக இருந்தபோது, இங்கிலாந்தின் ஹோவ் நகரில் நடந்த கார் விபத்தில் கண்ணாடிச் சில்லு பாய்ந்து வலக்கண்ணின் பார்வையைப் பறித்தது. ஓராண்டு முடியுமுன்னே, 1962 சனவரியில், நம் சென்னை மாநகராட்சி விளையாட்டரங்கில் இங்கிலாந்தை எதிர்த்து 103 ஓட்டங்கள் குவித்தார். அதே ஆண்டு மார்ச்சில் இந்திய அணிக்கே தலைவரானார். வயது 21!

அந்த நெஞ்சுரத்தை வணங்குவோம். ஆனால், அதையே எடுத்துக்காட்டி, "ஒற்றைக் கண்ணோடும் உலகை வெல்லலாம், கண்காப்பு எதற்கு?" என்று எவரேனும் உரைத்தால், அவரிடம் ஒன்றைக் கேள். பட்டோடிக்குப் பின்னால் அரண்மனை இருந்தது. இராயபுரத்து மாணவனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

அலை ஒருபுறம், ஆலைப் புகை ஒருபுறம். 1856இல் தென்னகத்தின் முதல் இரயில் புறப்பட்ட ஊர் அது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டைக்கே குலப்பெயர் சூட்டிக் கொண்டாடிய வடசென்னை அது. அங்கே மீன் சுமக்கும் தாயின் மகனும், மூட்டை தூக்கும் தந்தையின் மகனும் பந்தைத் தேடி ஓடுவது பொழுதுபோக்குக்காக மட்டுமா? விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் ஓர் இடம். பிறகு இரயில்வேயிலோ, காவல் துறையிலோ ஒரு வேலை! குடும்பத்தைக் கரையேற்றும் தோணி, தோழனே, அந்த விளையாட்டு!

அந்தத் தோணி கவிழ ஒரு நொடி போதும். காவலர் தேர்வானாலும், படைத்துறையானாலும், இரயில் எஞ்சின் ஓட்டும் பணியானாலும் இரு கண்ணின் பார்வையையும் அளந்து பார்த்த பிறகே வாயிலைத் திறப்பார்கள். களத்திலே கண்ணை இழந்தவன், களம் காட்டிய வேலையையும் சேர்த்தே இழக்கிறான்.

இயற்கை நம் கண்ணைச் சுற்றி எலும்பால் கோட்டை கட்டி வைத்திருக்கிறது. கோட்டையின் வாயில் ஏறத்தாழ 4 செண்டிமீட்டர் அகலம். கிரிக்கெட் பந்தோ 7 செண்டிமீட்டர் பருமன். அது முதலில் எலும்பில் மோதும், எலும்பு முறியும், விசை மிகுந்தால் விழியும் சிதையும். இறகுப்பந்தின் தக்கைத் தலை 3 செண்டிமீட்டருக்கும் குறைவு. அதற்குக் கோட்டை ஏது, கொத்தளம் ஏது? நேரே விழிக்குள் பாயும். 2023இல் நம் நாட்டு வீரர் சாத்விக்சாய்ராஜ் அடித்த இறகுப்பந்து, மணிக்கு 565 கிலோமீட்டர் விரைவில் பறந்து உலகச் சாதனையானது. பள்ளி மாணவன் அடிப்பது அதில் பாதியும் இராது; ஆனால் பாதியின் பாதியே ஒரு கண்ணைக் கெடுக்கப் போதும். நம் தெருவின் கிட்டிப்புள்ளோ, இருமுனையும் கூராகச் சீவிய அம்பு!

அடி விழுந்த கண்ணுக்குள் குருதி தேங்கும், விழித்திரை கிழியும், ஆண்டுகள் கழித்துக் கண்புரையாகவும், கண் நீர் அழுத்த நோயாகவும் அந்த அடி திரும்பி வரும். வெளியே கண் வெள்ளையாய், நலமாய்த் தோன்றும். உள்ளே விளக்கு அணைந்துகொண்டிருக்கும்.

இதற்குத் தடுப்பு இல்லையா? இருக்கிறது! பாலிகார்பனேட் என்னும் உடையாப் பொருளால் ஆன கண்காப்பு இருக்கிறது. உலக ஸ்குவாஷ் கூட்டமைப்பு, இளையோர் போட்டிகளில் அதை அணிந்தே ஆகவேண்டும் என்று விதி வகுத்திருக்கிறது. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவியரின் ஆக்கி ஆட்டத்தில் 2011இல் அது கட்டாயமாக்கப்பட்டது. "முகத்தை மூடினால் முரட்டுத்தனம் பெருகும், தலைக்காயம் மிகும்" என்று அங்கும் எதிர்த்தார்கள். ஆய்ந்து பார்த்தார்கள், கண் காயம் குறைந்தது, தலைக்காயம் கூடவில்லை! ஸ்குவாஷ் கூடத்துச் செல்வனின் கண்ணுக்குச் சட்டம் காவல் நிற்கிறது. கடற்கரை மணலில் ஆடும் ஏழையின் கண்ணுக்குக் காவல் யார்? விழியிலுமா வர்க்கம்?

"கவசம் அணிவது கோழைத்தனம்" என்பாரும் உண்டு. சேர மன்னனை, சான்றோராம் வீரர்க்கு மெய்ம்மறை, அதாவது உடல் காக்கும் கவசம் என்று பதிற்றுப்பத்து போற்றுகிறது. கவசத்தை மன்னனுக்கே உவமை சொன்ன இனம், அதைக் கோழையின் உடை என்று கூறுமா?

குத்துச்சண்டையில் கண்காப்பு அணிய முடியாது. அங்கே, கட்டைவிரலை இணைத்துத் தைத்த கையுறை வேண்டும். பருவந்தோறும் விழித்திரைச் சோதனை வேண்டும். ஒலிம்பிக் தங்கம் வென்ற சுகர் ரே லெனார்ட், 1982இல் பயிற்சியின்போது கண்முன் புள்ளிகள் மிதக்கக் கண்டார். மருத்துவரிடம் சென்றார், விழித்திரை பெயர்ந்திருந்தது, அறுவை செய்து காத்தார்கள். நம் பிள்ளை என்ன செய்கிறான்? மின்னல் தெறித்தாலும், கரும்புள்ளி மிதந்தாலும், திரை விழுந்தாற்போல் ஒருபுறம் இருண்டாலும், "சொன்னால் அணியிலிருந்து நீக்கிவிடுவார்கள்" என்று மறைக்கிறான். மறைக்காதே என்று அவனுக்குச் சொல்ல வேண்டியவர் பயிற்சியாளர்.

அடிபட்ட கண்ணைக் கசக்காதே, அழுத்தாதே, தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ ஊற்றாதே. எழும்பூருக்கு ஓடு! 1819இல் தொடங்கி, உலகின் தொன்மையான கண் மருத்துவமனைகளில் ஒன்றாக விளங்கும் அரசு கண் மருத்துவமனை, இராயபுரத்திலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவிலேயே இருக்கிறது.

பள்ளிக் கல்வித் துறையும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ஒரு விதி எழுதட்டும்: தலைக்கவசத்தின் முகக் கம்பியின்றிக் கடினப் பந்தில்லை, கண்காப்பின்றி இறகுப்பந்தில்லை, ஆக்கியில்லை. அரசுப் பள்ளி மாணவனுக்கு அந்தக் காப்பை அரசே வழங்கட்டும். மட்டைக்குச் செலவிடும் கருவூலம், மட்டையைப் பிடிப்பவன் கண்ணுக்கும் செலவிடட்டும்.

அரசு எழுதும்வரை நீ காத்திராதே, தோழனே! தலைவர் பிறந்த நாள் வரும். உன் வட்டத்தில் போட்டி நடக்கும். ஆளுயரக் கோப்பை வரும். படம் அச்சிட்ட சட்டை வரும். இந்த முறை கோப்பையின் உயரத்தை ஓரடி குறைத்துக்கொள். மிச்சப்படும் பணத்தில் முகக் கம்பி பூட்டிய தலைக்கவசங்கள் வாங்கு, அணிதோறும் கொடு, அணியாதவனை ஆட விடாதே. கோப்பை மேசையிலே மங்கிப் போகும். நீ காத்த கண், நாளை ஓர் இரயிலை ஓட்டும். ஒரு வீட்டுக்கு விளக்கேற்றும். நடக்கும் நாட்டு நடப்பை நேருக்கு நேர் பார்க்கும்!