சம்மன் வருகிறது, பதில் வரவில்லை!

விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பால்மரம் வெட்டப் போகிறவன் தொழிலாளி. அவன் வண்டியின் பின்விளக்கு எரியாவிட்டால் சம்மன். கண்ணாடி உடைந்திருந்தால் சம்மன். சட்டம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சாலையில் உயிர் போகாமலிருக்கச் சட்டம் வேண்டும். ஆனால் நம்மிடம் கணக்குக் கேட்கும் சர்க்கார், தன் கணக்கையும் காட்ட வேண்டாமா? இதுவே நமது கேள்வி.

நம் தோட்டத்துத் தோழர் ஒருவர் தமது பழைய வண்டியை விற்று, பெயர் மாற்றும் பாரத்திலும் கையெழுத்திட்டுக் கொடுத்தார். ரசீது இன்னும் பெட்டியில் இருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து, அவர் கண்ணால் கண்டிராத ஊரில் அந்த வண்டி வேகமாகப் போனதென்று அவர் பெயருக்குச் சம்மன் வந்தது. கவுண்டரில் ரசீதைக் காட்டினார். "கம்ப்யூட்டரில் உங்கள் பெயர்தான் இருக்கிறது" என்பதே பதில். மூன்று முறை அலைந்தார். மூன்று நாள் சம்பளம் போயிற்று.

நம்மைப் போன்ற கிராணிமார்களுக்கு இது விளங்கும். செக்ரோலில் ஒருவர் பெயர் ஒருநாள் விட்டுப்போனால், சம்பளத்தன்று வந்து கேட்பார். புத்தகத்தைத் திறந்து காட்டுகிறோம்; தவறு நம்முடையதானால் திருத்துகிறோம். "புத்தகத்தில் இல்லை, போ" என்றால் மறுநாள் பிரட்டுக்களத்தில் யார் நிற்பார்கள்?

இந்த நியாயத்தைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் அமலுக்கு வந்தது. நம் விவரங்களை வைத்திருக்கும் கம்பெனியிடம் அவற்றைப் பார்க்கவும், பிழையைத் திருத்தச் சொல்லவும் அது நமக்கு உரிமை தருகிறது. 2024இல் அதைத் திருத்தி, உச்ச அபராதத்தை 3 இலட்சம் வெள்ளியிலிருந்து 10 இலட்சமாக உயர்த்தினார்கள். ஆனால் மத்திய அரசாங்கத்தையும் மாநில அரசாங்கங்களையும் அச்சட்டம் கட்டுப்படுத்தாது! கம்பெனிக்கு ஒரு நீதி, சர்க்காருக்கு ஒரு நீதியா?

இதற்கிடையே நம்மைப் பற்றிய ஏடு பெருத்துக்கொண்டே போகிறது. 2012இல் சாலைக் கேமராக்கள் வந்தன. 2025இல் மத்திய இலாகாக்கள் தங்களுக்குள் தகவல் பகிர்ந்துகொள்ளத் தனிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உதவி விலைப் பெட்ரோலுக்கு மைகாட்டைக் காட்டும் முறையும் வந்தது. ஓர் ஏட்டில் விழுந்த பிழை பத்து ஏடுகளுக்குப் பரவினால் ஏழை எங்கே போய் முறையிடுவான்?

2026 ஜனவரியில் தொடங்கிய முறைப்படி சம்மனை 15 நாளுக்குள் கட்டினால் பாதி தள்ளுபடி. 60 நாள் தாண்டினால் வழக்கு. லயத்துக்குக் கடிதம் தோட்ட ஆபீஸ் வழியாக வருகிறது. சில வேளை தள்ளுபடி நாள் முடிந்த பிறகே கைக்குக் கிடைக்கிறது. இது யார் குற்றம்?

நாம் கேட்பவை மூன்று. சம்மன் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து நாளை எண்ணுக. ரசீதைக் காட்டியவர் வழக்கை விசாரித்து முடிக்கும்வரை அபராதத்தை நிறுத்துக. தகவல் பாதுகாப்புச் சட்டம் சர்க்காரையும் கட்டுப்படுத்தட்டும்.

தோழர்களே! ரசீது எதையும் எறியாதீர். தவறான சம்மன் வந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் கிளைச் செயலாளரிடம் கொண்டு வாருங்கள். ஒருவர் கொண்டுபோனால் அது வெறும் காகிதம். நூறு பேர் சேர்ந்து கொண்டுபோனால் அது கோரிக்கை!