ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சிதம்பரம் எவ்வளவு தூரம்?

தமிழ்நாட்டு உயர்கல்வியைப் பற்றிய பொதுவிவாதம் பெரும்பாலும் சேர்க்கைக் கணக்கோடு தொடங்கி அதனோடே முடிந்துவிடுகிறது. அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின் 2021-22ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையோடு ஒப்பிட்டுச் சொல்லப்படும் மொத்தச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 விழுக்காடாக இருக்கையில் தமிழ்நாட்டில் 47 விழுக்காடாக உள்ளது. மாணவியரும் மாணவர்களுக்குக் குறையாமல் சேர்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும் 2022 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. இவை எளிதில் கைகூடிய சாதனைகள் அல்ல. எனினும், கல்லூரி வாசலைத் தாண்டிய பெண்ணால் நூலகத்தில், ஆய்வகத்தில், கருத்தரங்கில், களத்தில் எத்தனை மணி நேரம் தங்க முடிகிறது என்ற கேள்விக்குச் சேர்க்கை விகிதத்தில் விடை இல்லை. அதற்கு விடை தேடக்கூடிய துறையாகக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் உருவாகியிருப்பது பெண்ணியப் புவியியல்.

இடமும் தூரமும் நேரமும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை என்பதும், அந்த வேறுபாட்டை இயற்கை வகுக்கவில்லை, சமூக ஏற்பாடுகளே வகுத்தன என்பதும் இத்துறையின் அடிப்படை நிலைப்பாடு. 1982இல் ஜேனிஸ் மங்க், சூசன் ஹான்சன் இருவரும் எழுதிய கட்டுரை, மனிதப் புவியியல் மனிதகுலத்தின் பாதியை விட்டுவிட்டே எழுதப்பட்டு வந்திருப்பதைச் சுட்டிக்காட்டியது. 1993இல் ஜில்லியன் ரோஸ், களப்பணியை உடல்வலிமையும் துணிச்சலும் கொண்ட ஆணின் சாகசமாகச் சித்திரிக்கும் புவியியல் மரபை விமர்சித்தார். 1994இல் டோரீன் மாஸி, ஓர் இடத்தின் இயல்பை அதன் எல்லைக்கோடுகளைவிட அங்கே குறுக்கிடும் சமூக உறவுகளே தீர்மானிக்கின்றன என்று வாதிட்டார். இந்தியாவில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சரஸ்வதி ராஜு, பெண்களின் கல்வி, வேலை, எழுத்தறிவு ஆகியவற்றின் வட்டார வேறுபாடுகளை வரைபடங்களாக்கி இச்சிந்தனையை இந்திய மண்ணில் வேரூன்றச் செய்தார்.

இந்தப் பார்வையோடு கடலூர் மாவட்டத்தை அணுகினால் தூரம் என்ற சொல்லே வேறு பொருள் கொள்கிறது. பூவராகப் பெருமாள் கோயிலால் அறியப்படும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து, 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கும் சிதம்பரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காட்டுமன்னார்கோயில் வழியாகவோ சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகவோ பேருந்தில் செல்லலாம். வரைபடத்தில் இது சிறிய தூரம். ஆனால் சுவீடன் நாட்டுப் புவியியலாளர் டோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970இல் முன்வைத்த காலப் புவியியல், ஒருவர் ஒரு நாளில் எங்கெல்லாம் போய்வர முடியும் என்பதை மூன்று வரம்புகளைக் கொண்டு அளக்கிறது: உறக்கம், உணவு, வாகனத்தின் வேகம் ஆகியவற்றால் அமையும் உடல்சார் வரம்பு, பிறரோடு ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டியதால் வரும் சந்திப்பு வரம்பு, வாசல் திறக்கும் மூடும் நேரத்தைப் பிறர் தீர்மானிப்பதால் வரும் அதிகார வரம்பு. 1974இல் ரிசா பாம், ஆலன் பிரெட் இருவரும் இந்த அளவுகோலைப் பெண்களின் அன்றாடத்துக்குப் பொருத்தியபோது, குழந்தையின் பள்ளி மணியும் கணவனின் பணி நேரமும் ஒரு பெண் எட்டக்கூடிய உலகத்தின் சுற்றளவை எவ்வளவு சுருக்குகின்றன என்பது தெரியவந்தது.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சிதம்பரத்துக்கு நாள்தோறும் சென்றுவரும், மணமாகிச் சிறு குழந்தையுள்ள முனைவர்பட்ட ஆய்வாளர் ஒருவரின் நாளை இம்மூன்று வரம்புகளுக்குள் வைத்துப் பார்க்கலாம். காலைச் சமையல் முடிந்து, பிள்ளையை மாமியாரிடமோ அங்கன்வாடியிலோ விட்ட பிறகுதான் அவரால் பேருந்து நிலையத்துக்கு வர முடியும். 2021 மே முதல் பெண்களுக்குக் கிடைத்துள்ள கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு உரியது. நேராகச் சிதம்பரம் செல்லும் புறநகர்ப் பேருந்துக்கு அது பொருந்தாது என்பதால், காசை மிச்சப்படுத்த நினைத்தால் வழியில் இறங்கி மாறிச் செல்ல வேண்டும். அப்படி மாறினால் நேரம் செலவாகும். நெறியாளர் மாலை நான்கரைக்கு மேல்தான் ஓய்வாக இருக்கிறார் என்றால், ஆய்வுக்கு மிகவும் தேவையான அந்த உரையாடல் பேருந்து நேரத்தோடு மோதுகிறது. கருத்தரங்கு முடிந்தபின் தேநீர்க் கடையில் தொடரும் பேச்சில்தான் புதிய நூல்களின் பெயர்களும் உதவித்தொகை அறிவிப்புகளும் பரிமாறப்படுகின்றன. அங்கே அவர் இருக்க மாட்டார். எந்த விதியும் அவரை வெளியேற்றவில்லை. நேர அட்டவணையே அதைச் செய்துவிடுகிறது.

இது தனியொருவரின் சூழ்நிலை என்று ஒதுக்கிவிட முடியாது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக 2019இல் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டதாகக் கணக்கிட்டது. 2024 ஆய்வில் இவை முறையே 289, 88 என ஆயின. பெண்ணின் சுமையில் ஐந்தாண்டுகளில் பத்து நிமிடம் குறைந்தபோது ஆணின் பங்கிலும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது என்பதால், வேலையை ஆண்கள் பகிர்ந்துகொண்டதால் இந்தக் குறைவு வந்தது என்று சொல்ல வழியில்லை. முனைவர்பட்ட ஒழுங்குமுறைகளில் பல்கலைக்கழக மானியக் குழு பெண்களுக்கு இரண்டு ஆண்டு கூடுதல் கால அவகாசத்தையும் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பையும் அனுமதிக்கிறது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் தட்டுப்பாடு இருப்பது அன்றாட மணிநேரத்தில். சலுகை கிடைப்பதோ ஆண்டுக் கணக்கில். படிப்பு நீண்டுகொண்டே போகிறதே தவிர, ஒவ்வொரு மாலையும் இழக்கும் உரையாடல் ஈடு செய்யப்படுவதில்லை.

பராமரிப்பு பற்றிய கோட்பாடு இங்கேதான் பயன்படுகிறது. உலகத்தில் இயன்றவரை நன்றாக வாழும்பொருட்டு அதைப் பேணவும் தொடரவும் செப்பனிடவும் செய்யப்படும் அனைத்தும் பராமரிப்பே என்று 1990இல் பெரனிஸ் ஃபிஷரும் ஜோன் டிரோன்டோவும் விளக்கினர். பிறரின் தேவையைக் கவனித்தல், அதற்குப் பொறுப்பேற்றல், அதைத் திறம்படச் செய்தல், பெறுபவரின் மறுமொழியைக் கேட்டல் என அது நான்கு கட்டங்கள் உடையது. பிறருடைய உழைப்பால் பேணப்பட்டுக்கொண்டே, பேணும் வேலை தன்னுடையதன்று என்று ஒதுங்கும் வசதியை ‘சலுகைபெற்ற பொறுப்பின்மை’ என்று டிரோன்டோ குறிப்பிடுகிறார். நாளெல்லாம் ஆய்வில் மூழ்கியிருப்பவரே உண்மையான அறிஞர் என்ற பிம்பம் இந்தப் பொறுப்பின்மையின் மேல்தான் எழுப்பப்பட்டிருக்கிறது. அவருடைய துணியைத் துவைத்தவர், வளாகத்தைப் பெருக்கிய ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், விடுதிச் சமையற்கூடத்தில் நின்றவர் ஆகியோரின் பெயர்கள் ஆய்வேட்டின் நன்றியுரையிலும் அரிதாகவே இடம்பெறுகின்றன. இந்த வேலைகள் பாலினத்தால் மட்டுமன்றிச் சாதியாலும் பகிர்ந்தளிக்கப்பட்டவை என்பதை மறந்துவிட்டுப் பேசும் பராமரிப்புக் கோட்பாடு இந்தியாவில் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

கல்வியைப் பராமரிப்போடு சேர்த்துச் சிந்திப்பது சிதம்பரத்துக்குப் புதிதன்று. சுவாமி சகஜானந்தர் 1916இல் அங்கே நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பள்ளியோடு விடுதியையும் சேர்த்தே கட்டியெழுப்பியபோது, உணவும் தங்குமிடமும் இல்லாமல் எழுத்து மட்டும் நிலைக்காது என்ற புரிதலைச் செயலாக்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொடங்கிய தொலைநிலைக் கல்வியும், வளாகத்துக்கு வர இயலாதவர்களுக்குத் தூரத்தைக் குறைத்த ஏற்பாடுதான். ஆயினும், தபாலில் வரும் பாடநூலால் பட்டம் கிடைக்குமேயன்றி அறிவுச் சமூகத்தில் ஓர் இருக்கை கிடைப்பது கடினம்.

பராமரிப்பு என்ற பெயரில் கட்டுப்பாடு நுழைந்துவிடும் ஆபத்தையும் பெண்ணியப் புவியியல் எச்சரிக்கிறது. மகளிர் விடுதியின் வாசல் ஆடவர் விடுதிக்கு முன்பே மூடப்படுவது பாதுகாப்பு என்று நியாயப்படுத்தப்படுகிறது. ஆனால் இரவில் திறந்திருக்கும் நூலகம் அதனால் நடைமுறையில் ஆண்களின் நூலகமாகிவிடுகிறது. 2015இல் தில்லி மாணவியர் தொடங்கிய ‘பிஞ்சரா தோட்’ இயக்கம் இதை எதிர்த்தே எழுந்தது. அதற்கு முன்பே, பல்கலைக்கழக மானியக் குழுவின் பணிக்குழு 2013இல் அளித்த ‘சக்ஷம்’ அறிக்கை, பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்களின் நடமாட்டத்தைக் குறுக்கக் கூடாது என்று தெளிவுபடுத்தியிருந்தது. வாசலைப் பூட்டுவதில் டிரோன்டோ கூறும் நான்காவது கட்டம், அதாவது பெறுபவரின் குரலைக் கேட்பது, முழுமையாக விடுபட்டுப்போகிறது. விளக்கும் ஆள்நடமாட்டமும் உள்ள பாதையும், இரவுப் பேருந்தும், செயல்படும் புகார்க் குழுவும் பூட்டைவிடச் செலவு பிடிப்பவை. பூட்டு மலிவானது என்பதே அதன் கவர்ச்சி.

ஆசிரியர் பணியிலும் இதே ஏற்றத்தாழ்வு தொடர்கிறது. அழுதுகொண்டு வரும் மாணவியிடம் பேசுவது, கட்டணம் கட்ட முடியாதவருக்கு வழிதேடுவது, விடுதிக் காப்பாளர் பொறுப்பு, விழா ஏற்பாடு ஆகியவை பெரும்பாலும் பெண் ஆசிரியர்களிடம் வந்து சேர்கின்றன. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த மதிப்பெண் முறை முதலாக, பதவி உயர்வைத் தீர்மானிப்பதில் ஆய்விதழ்க் கட்டுரைகள் முன்னிலை பெற்றன; மேற்கண்ட வேலைகள் நற்குணத்தின் கணக்கில் எழுதப்பட்டன. தேசிய நிறுவனத் தரவரிசையில் அனைவரையும் உள்ளடக்கும் தன்மைக்கு நூற்றுக்குப் பத்து என்று மதிப்பு உண்டு. அது பெண்களின் எண்ணிக்கையைப் பார்க்கிறது, அவர்கள் செய்யும் பராமரிப்பைப் பார்ப்பதில்லை. அரசுக் கலைக் கல்லூரிகளைத் தாங்கி நிற்கும் கௌரவ விரிவுரையாளர்களின் நிலை இன்னும் கடினமானது: மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம். நிரந்தர அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதங்களாக உயர்த்தப்பட்ட மாநிலத்தில், அதே வகுப்பறையில் அதே பாடத்தை நடத்துபவர் பிரசவத்தோடு பணியையும் எண்ணிக் கவலைப்படுகிறார். 2013இல் அரசு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை ஏற்ற பிறகு, உபரி எனக் கருதப்பட்டோர் பணிநிரவலில் மாநிலத்தின் பல ஊர்களுக்கும் அனுப்பப்பட்டனர். ஆணை அனைவருக்கும் ஒன்றுதான்; ஆனால் வீட்டில் முதியவரையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அது அளக்கும் தூரம் வேறு.

இதற்கு மாற்றாக, வட அமெரிக்கப் பெண்ணியப் புவியியலாளர்கள் பதினொருவர், அலிசன் மவுன்ட்ஸ் தலைமையில் 2015இல் வெளியிட்ட கட்டுரையில் ‘நிதானப் புலமை’ என்ற கருத்தை முன்வைத்தனர். எண்ணிக்கை வெறியால் விரைவுபடுத்தப்பட்ட பல்கலைக்கழகத்தில் சிந்திக்கவும் ஒருவரையொருவர் பேணவும் கூட்டாக நேரத்தை மீட்க வேண்டும் என்பது அவர்களின் வாதம். நிதானம் என்பது நிரந்தரப் பணியில் இருப்பவருக்கே கட்டுப்படியாகும் என்ற மறுப்பும் உடன் எழுந்தது. கௌரவ விரிவுரையாளரை நிதானமாக எழுதச் சொல்வது அவரைக் கேலி செய்வதற்கு ஒப்பானது. எனவே பணிப் பாதுகாப்பு முதலில், நிதானம் பிறகு என்ற வரிசையில்தான் அக்கருத்தைத் தமிழ்நாட்டில் ஏற்க முடியும்.

ஆய்வு நடக்கும் களத்தில் உள்ளவர்களுக்கும் பராமரிப்பின் பொறுப்பு நீள வேண்டும். பிச்சாவரத்து அலையாத்திக் காட்டின் ஆழமற்ற கால்வாய்களில் இடுப்பளவு நீரில் தவழ்ந்து, பறி எனும் ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்கள், நீரோட்டத்தையும் ஓதத்தையும் உடலால் அறிந்தவர்கள். அங்கிருந்து எழுதப்படும் ஆய்வுகளில் அவர்கள் தகவலாளிகளாக மட்டும் குறிக்கப்பட்டு, முடிவுகள் அவர்கள் அறியாத மொழியில் அச்சாகிவிடுவதும் அக்கறையின்மையே. முடிவுகளைத் தமிழில் அவர்களிடம் படித்துக்காட்டித் திருத்தம் கேட்பது ஆய்வு நெறியின் ஒரு கட்டமாக விதிக்கப்பட வேண்டும்.

அக்கறை தனிமனித நற்குணமாக இருக்கும்வரை அது யாரேனும் ஒருவரின் தோளில் விழும். ஏற்பாடாக மாறும்போதுதான் பகிரப்படும். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும் பூவராகப் பெருமாளுக்கு வழியெங்கும் மண்டகப்படி நடக்கிறது. கிள்ளையில் தர்கா சார்பில் இசுலாமியர்களும் மரியாதை செய்து வரவேற்கின்றனர். மண்டகப்படி என்பது இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், இன்னார் பொறுப்பு என்று முன்கூட்டியே வகுக்கப்பட்ட கடமை. அதைச் செய்வோர் அதை உரிமையாகவும் கொண்டாடுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் பராமரிப்புக்கு இல்லாமற்போனது இத்தகைய ஒதுக்கீடுதான்.

அந்த ஒதுக்கீடு பெருஞ்செலவு கோருவதில்லை. கருத்தரங்குகளும் நெறியாளர் சந்திப்புகளும் பேருந்து நேரத்தைப் பார்த்து நண்பகலுக்கு முன்னதாக அமைக்கப்படலாம். விடுதிக் காப்பு, ஆலோசனை, குறைதீர்ப்பு ஆகிய பொறுப்புகள் ஆண், பெண் இருபாலருக்கும் சுழற்சியில் வழங்கப்பட்டுப் பதவி உயர்வு மதிப்பீட்டில் எண்ணப்படலாம். குழந்தைகள் காப்பகம் நூலகத்துக்கு அருகில் அமையலாம். 2021இல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டதால், விருத்தாசலம் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுமன்னார்கோயில் அரசுக் கல்லூரியிலும் ஆய்வாளர்களுக்கான வாசிப்பறையும் மின்னிதழ் அணுகலும் மாதம் ஒருமுறை நெறியாளர் வருகையும் ஏற்படுத்தினால், பயணம் செய்யும் பொறுப்பு மாணவியின் மேல் மட்டும் விழாது.

இவை தரத்தைத் தளர்த்தும் என்று அஞ்சுவோர், இன்றைய தரம் யாருடைய ஓய்வு நேரத்தின் மேல் நிற்கிறது என்பதைக் கணக்கிட வேண்டும். ஆய்வேட்டின் கடுமை குறையாமலே ஆய்வாளரின் மாலையை மீட்டுத் தர முடியும். குறைய வேண்டியது, வீட்டில் இன்னொருவர் சமைத்துக்கொண்டிருக்கிறார் என்ற அனுமானத்தில் வகுக்கப்பட்ட நேர அட்டவணையின் ஆதிக்கம் மட்டுமே. 2029இல் நூற்றாண்டு காணவிருக்கும் பல்கலைக்கழகம் அதற்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. சேர்ந்த மாணவியர் எத்தனை பேர் என்பதோடு, மாலை ஐந்து மணிக்கு மேல் நடக்கும் அறிவு உரையாடலில் அவர்களுள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் ஆண்டறிக்கையில் வெளியிட்டால், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சிதம்பரம் உண்மையில் எவ்வளவு தூரம் என்பது அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும்.