ஹாம் ரேடியோவும் மொட்டை மாடிக் கம்பியும்

எங்கள் கட்டிடத்தில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. "மாடியில் கம்பி கட்டியிருக்கிறாரே, அந்த மதராஸி" என்றால் வாட்ச்மேன் நேராக வீட்டுக்கே கூட்டி வந்துவிடுவார். செம்பூரில் 35 வருட வாசத்தில் நான் சம்பாதித்த பெயர் அது. அந்தக் கம்பிக்கு இப்போது ஆபத்து வந்திருக்கிறது. மொட்டை மாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்யப் போகிறோம், கம்பியைக் கழற்றுங்கள், மறுபடி கட்டலாமா என்பதைப் பொதுக்குழுவில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொஸைட்டி கமிட்டி கடிதம் கொடுத்திருக்கிறது. என் ஒருவனுடைய கம்பி மட்டும் என்றால் சங்கப் பத்திரிகையில் இடம் கேட்டிருக்க மாட்டேன். இந்தியாவின் பெரிய நகரங்களில் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஹாம் ரேடியோக்காரர்கள் பலருக்கும் இதுதான் நிலைமை.

விஷயம் தெரியாத அன்பர்களுக்காக இரண்டு வரி. ஹாம் ரேடியோ என்கிற அமெச்சூர் வானொலி, தொழிலுக்காக அல்லாமல் ஆர்வத்துக்காக வைத்திருப்பது. மத்திய அரசின் தேர்வு எழுதித் தேறினால் உரிமமும், 'வி.யூ.' என்று தொடங்கும் ஓர் அழைப்புக் குறியும் கிடைக்கும். 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். பிறகு சொந்த டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு, நடுவில் எந்தக் கம்பெனியும் டவரும் இல்லாமல், உலகத்தில் உரிமம் பெற்ற எவரோடும் பேசலாம். வியாபாரம் பேசக் கூடாது. பாட்டுப் போடக் கூடாது. பேரிடர்க் காலம் தவிர, பிறருக்காகச் செய்தி கடத்தக் கூடாது. கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா 1921ல் உரிமம் பெற்றதிலிருந்து கணக்கு வைத்தால், நம் நாட்டில் இதற்கு நூறு வயது தாண்டிவிட்டது.

"கையில் மொபைல் இருக்கும்போது இது எதற்கு சார்?" என்று கமிட்டிக் காரியதரிசி கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் கூட்டத்தார் இதற்கு ஒரு பதிலை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்: புயல் வரும், பூகம்பம் வரும், டவர் சாயும், அப்போது நாங்கள்தான் கை கொடுப்போம் என்று. பொய்யில்லை. 1999 ஒரிஸா புயலிலும், 2001 குஜராத் பூகம்பத்திலும் ஹாம்கள் செட்டும் பேட்டரியுமாகப் போய் உட்கார்ந்து வேலை செய்தார்கள். 2005 ஜூலை 26ஐ மும்பைவாசிகளுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை; சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது கையிலிருந்த மொபைல் எத்தனை பேருக்கு உதவியது? ஆனாலும் அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. பத்து வருடத்துக்கு ஒரு முறை வரும் வெள்ளத்துக்காக யாரும் தினமும் காலையில் எழுந்து செட் முன்னால் உட்கார மாட்டார்கள்.

நான் உட்காருவது ஆறரை மணிக்கு, காப்பியோடு. 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம், 40 மீட்டர் என்று நாங்கள் சொல்லும் அலைவரிசை. பகலில் அது சில நூறு கிலோமீட்டர் போகும், காலையும் மாலையும் நன்றாக இருந்தால் ஆயிரம், இருட்டின பிறகு கடல் தாண்டும். 200, 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலம் நம் குரலைத் திருப்பிக் கீழே அனுப்புகிறது. சூரியனின் மனநிலைப்படி அது மணிக்கு மணி மாறும், 11 வருடச் சுற்றிலும் மாறும். ஆகையால் இன்றைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல் கேட்கும் கோயமுத்தூர், நாளைக்குக் கூப்பிட்டாலும் வராது. காசு கட்டினால் உடனே கிடைக்கிற இணைப்பு இல்லை இது. கிடைக்கிற நாளில் கிடைக்கும்.

ஒருவர் பொறுப்பேற்று ஒவ்வொரு அழைப்புக் குறியாகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் முதலில் எதிராளியின் குரல் எப்படிக் கேட்கிறது என்று எண்ணில் சொல்வார். 'ஐந்து-ஒன்பது' என்றால் கணீரென்று இருக்கிறது. அப்புறம்? அங்கே மழை உண்டா, முழங்கால் வலி எப்படி, நேற்று எரிந்த டிரான்ஸிஸ்டருக்கு மாற்றுக் கிடைத்ததா, சின்ன வெங்காயம் என்ன விலை. உலக வழக்கப்படி ஹாம்கள் ஒருவரையொருவர் 'ஓ.எம்.', அதாவது கிழவா, என்று வயது பாராமல் அழைத்துக்கொள்வார்கள். நம்மவர்களுக்கு அது வாயில் வராது. தமிழ் பேசும் வட்டத்தில் எல்லாரும் சார், இல்லாவிட்டால் அண்ணாச்சி! முடிக்கும்போது மட்டும் எல்லாரும் 'செவன்டி த்ரீ' சொல்வோம். பழைய தந்திக்காரர்களின் வாழ்த்துக் குறி, 73.

இந்த அரட்டைக்கு ஒரு சட்ட கௌரவம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2003 வரை சர்வதேச வானொலி விதியிலேயே எழுதியிருந்தார்கள்: அமெச்சூர்கள் தங்கள் பரிசோதனை சம்பந்தமான விஷயங்களைப் பேசலாம், அதற்கு மேல், பொதுத் தந்தி, தொலைபேசிச் சேவையை நாடும் அளவுக்கு முக்கியத்துவம் இல்லாத சொந்த விஷயங்களைப் பேசலாம் என்று. அதாவது முக்கியமான சமாசாரம் என்றால் தந்தியாபீசுக்குப் போ, முக்கியமில்லாவிட்டால் இங்கே வா. நம் நாட்டில் அந்தத் தந்தியே 2013 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. முக்கியமில்லாத பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

1978ல் நான் பம்பாய்க்கு வந்தபோது ஊருக்கு டிரங்க் கால் புக் செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்போம். பிற்பாடு உரிமம் வாங்கிய பிறகும் வீட்டுச் செய்தியை ரேடியோவில் அனுப்ப விதி இடம் கொடுக்கவில்லை. ஆனால் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர் ஒருவர் "என்னவே, ஆளையே காணும்" என்று காலையில் கேட்டால் அன்று முழுவதும் லோக்கல் ரயில் நெரிசல்கூட உறைக்காது. வெளியூரில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

பேரிடர்ச் சேவை என்று பேப்பரில் வருவதெல்லாம் இந்த அரட்டையின் பிள்ளைதான் என்பது என் கட்சி. 2004 டிசம்பரில் தில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி ஒரு குழுவோடு போர்ட் பிளேருக்குப் போனார். சேவை செய்யப் போகவில்லை. அந்தமானிலிருந்து நெடுங்காலமாக ஹாம் குரலே இல்லாததால், அங்கிருந்து உலகத்தோடு பேசப் போனார்; உலகெங்கும் உள்ள ஹாம்கள் அவரோடு ஒரு வார்த்தை பேச முண்டியடித்தார்கள். டிசம்பர் 26 காலை பூமி ஆடியது, கடல் ஏறியது, தொலைபேசி செத்தது. முந்தின நாள் வரை விளையாட்டாக இருந்த அதே செட், அதே ஆன்டெனா வழியாகத்தான் யார் யார் பத்திரம் என்ற செய்தி இந்தக் கரைக்கு வந்தது. எந்த அலைவரிசை எத்தனை மணிக்கு எந்த ஊருக்குத் திறக்கும் என்று அவருக்கு அன்றைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கங்காசாகர் மேளாவில் கூட்டத்தில் தவறிய முதியவர்களை வங்காளத்து ஹாம்கள் வருடா வருடம் வீட்டில் சேர்க்கிறார்களே, அதுவும் இப்படித்தான். தினம் பேசிப் பழகிய குரல்கள் ஊருக்கு ஊர் இருப்பதால் நடக்கிறது.

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். எங்கள் காலத்தில் செட் என்பது வாங்குவதல்ல, செய்வது. லாமிங்டன் ரோட்டில் அலைந்து 807 வால்வு பொறுக்கி, டிரான்ஸ்பார்மரைக் கையால் சுற்றி, பாதி நாள் ஷாக் அடித்துக்கொண்டு செய்தோம். 1980களின் நடுவில் இறக்குமதி வரிச் சலுகை கிடைத்த பிறகுதான் ஜப்பான் செட்டுகள் பலர் வீட்டுக்கு வந்தன. அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தியே ஒரு ஹாம் என்பது கூடுதல் சௌகரியம். செய்கிற கை அதோடு போய்விடவில்லை. ஹைதராபாத் அஷர் ஃபர்ஹான், கடையில் சுலபமாகக் கிடைக்கும் பாகங்களையும், காயில் சுற்றக் குழாய் வாஷரையும் வைத்து வடிவமைத்த 'பிட்எக்ஸ்' செட்டை அமெரிக்காக்காரர்கள்கூடப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள்.

மோர்ஸ் கட்டாயமில்லை என்று 2003ல் சர்வதேச விதி மாறியபோது, இனி ஹாம் ரேடியோ அழிந்தது என்று புலம்பிய நண்பர்கள் உண்டு. அழியவில்லை. சீனத்துக் கைச்செட்டு மலிவாக வந்தபோதும் அதே புலம்பல். 2017ல் 'எஃப்டி-8' என்ற கணிப்பொறி முறை வந்தது. உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோ டெய்லர் 1993ல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்றவர். காதுக்கே எட்டாத சமிக்ஞையைக் கணிப்பொறி படித்துவிடுகிறது. பால்கனியில் இரண்டு முழக் கம்பி வைத்திருக்கும் ஃபிளாட்வாசிக்கு அது வரப்பிரசாதம், மறுக்கவில்லை. ஆனால் 15 விநாடிக்கு ஒரு முறை அழைப்புக் குறி, இடம், ஓர் எண், நன்றி, தீர்ந்தது கதை. நூறு நாடு பிடித்தேன் என்கிறார் நண்பர். அங்கே மழையா வெயிலா என்றால் தெரியாது!

உண்மையான எதிரி இரண்டு. ஒன்று இரைச்சல். எல்.இ.டி. பல்பு, சார்ஜர், இன்வர்ட்டர், லிஃப்ட் மோட்டார் எல்லாம் சேர்ந்து நகரத்துக் காற்றைக் கெடுத்து வைத்திருக்கின்றன. யாருமே பேசாதபோதும் என் செட்டின் மீட்டர் முள் பாதிக்கு மேல் ஏறி நிற்கிறது. கம்பியை உயரத்தில், வீடுகளை விட்டு விலக்கிக் கட்டினால்தான் கொஞ்சமாவது தப்பலாம். ஆகவேதான் மொட்டை மாடி. இரண்டாவது எதிரி, மௌனம்.

2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து பெங்களூரில் மாணவர்களோடு ஹாம் ரேடியோவில் பேசினார். உடனே நம் சங்க நண்பர்கள் நாலைந்து பேர் எனக்குப் போன் செய்து, என் பையன் எழுதலாமா, என் பெண் எழுதலாமா என்று விசாரித்தார்கள். சந்தோஷம். ஆனால் இதற்கு முன் எழுதித் தேறிய எத்தனையோ பிள்ளைகளின் சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது, கைச்செட்டு மேஜை டிராயரில் தூங்குகிறது. காரணம் சோம்பேறித்தனம் என்று எண்ணியிருந்தால், எங்கள் மூன்றாம் மாடிப் பெண்ணைப் பார்க்க வேண்டும். இஞ்சினியரிங் படிக்கிறாள், தேர்வில் முதல் தடவையே தேறினாள். உரிமம் வந்த அன்று என் வீட்டில் மைக்கைக் கையில் கொடுத்தேன். தன் குறியைத் தப்பில்லாமல் சொன்னாள். அந்தப் பக்கம் திருநெல்வேலி அண்ணாச்சி, "வாம்மா, சொல்லு" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன பேசறது அங்கிள்?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியவில்லை. முன்பின் தெரியாத பெரியவரோடு காரியம் எதுவும் இல்லாமல், அதுவும் தமிழில், பேச வேண்டிய சந்தர்ப்பமே அந்தப் பெண்ணுக்கு வாய்த்ததில்லை. வீட்டில் பாட்டிக்கே ஹிந்தியில்தான் பதில். "மழை பெய்யுதான்னு கேளும்மா" என்றேன். கேட்டாள். அண்ணாச்சி தாமிரபரணியில் ஆரம்பித்து, அணை திறந்தது, நெல் நட்டது, பேத்தி கல்யாணம் என்று பதினைந்து நிமிஷம் விடவில்லை. நடுவில் 'நாத்து' என்றால் என்ன என்று தயங்காமல் கேட்டாள். இப்போது வாரம் இரண்டு நாள் காலையில் வருகிறாள். நான் சொல்லும் அழைப்புக் குறிகளை விட அவள் சத்தம் தெளிவாகப் போகிறதாம்; அண்ணாச்சி சொல்கிறார்.

ஆகவே சொஸைட்டி கமிட்டிகளில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மத்திய அரசின் உரிமத்தோடு ஒருவர் கம்பி கட்ட அனுமதி கேட்டால், டிஷ் ஆன்டெனாவுக்குக் கொடுக்கும் இடத்தையாவது கொடுங்கள். இடி தாங்க எர்த் இருக்கிறதா, கம்பி துணிக்கொடியில் சிக்குமா, மாடித் தளத்தில் துளை போடுவாரா என்று தாராளமாகக் கேளுங்கள், எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.

சங்கத்துக்கும் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கும் கூடத்துக்கு மேலே மாடி காலியாகத்தான் கிடக்கிறது. சங்கத்தின் பெயரில் ஓர் உரிமமும் ஒரு பழைய செட்டும் போதும். செட்டை நானே தருகிறேன். தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்க நானும், மூன்றாம் மாடிப் பெண்ணும் தயார். 7 மெகாஹெர்ட்ஸுக்கு முனைக்கு முனை 20 மீட்டர் கம்பி வேண்டும். போன வாரம் டேப் பிடித்துப் பார்த்துவிட்டேன். சங்கத்து மாடி 24 மீட்டர் இருக்கிறது.