இறுக்கமும் தளர்ச்சியும்



தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப் பகுதியிலும் விடியுமுன்னே இட்லி அவித்து, பாத்திரங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி புறப்படும் நம் தமிழ்ச் சகோதரர்களை மும்பைப் பட்டணம் நன்கு அறியும். அவர்களுக்குச் சைக்கிள் விளையாட்டுப் பொருளன்று. வீட்டில் அடுப்பெரியச் செய்யும் கருவி. பழைய பிரேம் ஒன்றை வாங்கி, பாகங்களைச் சேர்த்து, தகப்பனும் மகனுமாக வீட்டு வாசலிலேயே ஒரு சைக்கிளைப் பூட்டியெடுப்பது நல்ல சிக்கனம். ஆனால் அதில் ஒரு வேலையை மட்டும் அவசரமாய்ச் செய்யலாகாது. முன் ஃபோர்க்கையும் பால்ரேஸ் செட்டையும் பொருத்துவதே அது. சுமையோடு சரிவில் இறங்குகையில் ஓட்டுபவனுடைய உயிர் இந்த இணைப்பை நம்பியே இருக்கிறது.

பிரேமின் முன்குழாயில் மேலும் கீழும் 2 கிண்ணங்கள் அமர வேண்டும். அவற்றைச் சுத்தியலால் அடித்தால் கோணலாக இறங்கும். குழாயின் வாயும் அகன்றுபோகும். மரை போட்ட நீண்ட கம்பி ஒன்றைக் குழாயினுள் செலுத்தி, இரு முனையிலும் கனமான வாஷரும் நட்டும் இட்டு, மெதுவாகத் திருகினால் கிண்ணம் நேராக உட்காரும். ஒவ்வொன்றாக ஏற்றுவது நல்லது. ஃபோர்க்கின் அடியில் அமரும் வளையமும் இடைவெளியின்றி முழுவதும் படிய வேண்டும். பழைய ஃபோர்க்கில் கீறலோ வெடிப்போ காணப்பட்டால், வெல்டிங் வைத்து ஒப்பேற்றாமல் புதியதை வாங்குங்கள்.

பின்பு கிண்ணங்களில் தாராளமாகக் கிரீஸ் பூசி, குண்டுகளை அடுக்க வேண்டும். நெருக்கித் திணிக்காமல், ஒரு குண்டளவு இடம் விட்டால் அவை உருளும். கூட்டில் கோத்த குண்டுகளாயின் தலைகீழாக வைத்துவிடக்கூடாது; வைத்தால் குண்டு உருளாமல் கூடு உராயும். ஃபோர்க்கைக் கீழிருந்து ஏற்றி, மேலே மரையில் ஏறும் வளையத்தைக் கையாலேயே திருகி, வாஷரை வைத்து, பூட்டு நட்டை இட வேண்டும்.

இனிதான் பொறுமை தேவை. மிகவும் இறுக்கினால் ஹேண்டில் திரும்ப மறுக்கும். குண்டுகள் கிண்ணத்தில் குழி பறிக்கும். தளர விட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஃபோர்க் மோதி ஆடும். சரிபார்க்க 2 சோதனைகள் உண்டு. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வண்டியைச் சற்றே சாய்த்தால், ஹேண்டில் தானாகவே அப்பக்கம் திரும்ப வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால், தடக்கென்ற ஆட்டம் இருக்கக்கூடாது. இரண்டிலும் தேறினால்தான் வேலை முடிந்தது.

ஹேண்டில் ஏன் அத்தனை இலகுவாகத் திரும்ப வேண்டும்? ஓடும் சைக்கிள் சாய்கிற பக்கமாக முன்சக்கரம் சற்றே திரும்புவதினாலேயே வண்டி மறுபடியும் நிமிர்கிறது. ஹேண்டிலை அசையாதபடி பூட்டிவிட்டால், எத்தனை தேர்ந்தவனும் சிறிது தூரத்திற்குள் விழுவான். வண்டியை நிமிர்த்தி வைப்பது விறைப்பன்று, அளவான சுதந்திரம்.

இதைச் சைக்கிள் பட்டறையில் கண்டறிந்த 2 சகோதரர்களை உலகம் அறியும். வில்பர் ரைட்டும் ஆர்வில் ரைட்டும் 1892-ல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை திறந்து, 1896 முதல் சொந்தமாகச் சைக்கிள்களைச் செய்தார்கள். அவர்களுடைய தகப்பனார் மில்டன் ரைட் ஒரு சபையின் பேராயர். தாயார் சூசன் கைவேலையில் தேர்ந்தவர். ஓட்டுபவன் சைக்கிளைச் சமன்படுத்துவதுபோல வானூர்தியையும் அதை ஓட்டுபவனே சமன்படுத்த வேண்டும் என்று அவர்கள் எண்ணினார்கள். 1903 டிசம்பர் 17 அன்று அவர்களுடைய இயந்திரம் பறந்தது.

பிரியமானவர்களே, பட்டணத்தில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இதில் ஒரு பாடமுண்டு. ஊரைவிட்டு வந்த பயத்தினால் சில பெற்றோர் பிள்ளையை மிகவும் இறுக்குகிறார்கள்: சிநேகிதன் கூடாது, கேள்வி கூடாது, ஆலயமும் பள்ளியும் தவிர வேறெங்கும் போகலாகாது. அந்தப் பிள்ளை திரும்பத் தெரியாதவனாய் வளர்ந்து, முதல் சாய்விலேயே விழுகிறான். வேறு சிலர் வேலைக் களைப்பினால் முழுவதும் தளர விடுகிறார்கள். அவன் யாரோடு சுற்றுகிறான், கைபேசியில் எதைப் பார்க்கிறான் என்று அறியார்கள். சமமான சாலையில் அந்த ஆட்டம் தெரியாது. பிரேக் பிடிக்கும் நாளில் தெரியும். எபேசியர் 6:4-ல் அப்போஸ்தலனாகிய பவுல், பிள்ளைகளுக்கு எரிச்சலூட்டாதிருக்கவும் கர்த்தருக்குள் அவர்களைச் சிட்சித்துப் போதிக்கவும் தகப்பன்மாரிடம் ஒரே வசனத்தில் சொல்லுகிறார். ஒன்றைப் பிடித்து மற்றொன்றை விடுவதற்கு நமக்கு அனுமதியில்லை.

இன்னும் 2 காரியங்கள். பூட்டு நட்டை இறுக்கும்போது கீழுள்ள வளையத்தை மற்றொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வைத்த அளவு மாறிவிடும். தகப்பன் ஒன்று சொல்ல, தாய் மறைவில் வேறொன்று சொன்னால் வீட்டிலும் அப்படியே. மேலும், சுமை ஏறியபின் கிண்ணங்கள் சற்றே அமருமாதலால், சில நாட்கள் ஓட்டியபின் மறுபடியும் சரிபார்க்க வேண்டும். 10 வயதில் வைத்த அளவு 17 வயதுக்குப் பொருந்தாது. பிள்ளையோடு உட்கார்ந்து பேசி, ஜெபித்து, அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அந்த உரையாடலுக்கு, கிரீஸ் படிந்த கைகளோடு ஒரு சைக்கிளின் அருகே இருவரும் அமர்ந்திருக்கும் நேரம் மிகவும் ஏற்றது.

கர்த்தர் தாமே உங்கள் கைகளின் வேலையையும் உங்கள் பிள்ளைகளின் வழிகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.