எல்லா அம்மாவும் லீலா சேத் ஆக முடியுமா?

போன வருஷங்களில் வந்த தீர்ப்புகளில் ஒன்று மனசில் அப்படியே நிற்கிறது. 2025 மே மாதம், சென்னை உயர் நீதிமன்றம். 25 வயதுப் பெண் ஒருவரை வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவருடைய தோழி ஆட்கொணர்வு மனு போட்டிருந்தார். அந்தப் பெண்ணே நீதிபதிகளிடம், தனக்குப் பெண்கள் மீதுதான் ஈர்ப்பு, தோழியோடுதான் போவேன் என்று சொன்னார். வீட்டில் அடித்ததாகவும், தன்னை 'சரி' ஆக்கச் சடங்குகள் செய்ததாகவும் சொன்னார். யாரும் தடுக்கக் கூடாது, அவர் போகலாம் என்று தீர்ப்பு. ரொம்பச் சரி.

ஆனால் நடுவில் ஒரு வரி. இந்தப் பெண்ணின் தாய் ஒன்றும் லீலா சேத் இல்லை என்று.

லீலா சேத், எழுத்தாளர் விக்ரம் சேத்தின் அம்மா. 1991-இல் இமாச்சலப் பிரதேசத்தில், நாட்டிலேயே உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியான முதல் பெண். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 377-ஆம் பிரிவுக்கு மறுபடி உயிர் கொடுத்தபோது (அது போனது 2018-இல்தான்), என் மகன் குற்றவாளியா என்று 83 வயதில் பத்திரிகையில் எழுதியவர்.

இதை என் அம்மாவிடம் சொன்னேன். "பாவம் அந்தப் பொண்ணு" என்பார் என்று நினைத்தேன். "அந்த அம்மாவுக்கு யாராச்சும் உக்கார வச்சு சொல்லிக் குடுத்தாங்களாடா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

யோசித்துப் பாருங்கள். 2021-இல் இதே நீதிமன்றத்தில், பெற்றோரின் எதிர்ப்புக்குப் பயந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எனக்கே இந்த விஷயத்தில் போதிய அறிவு இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை. ஆனால் நீதிபதிக்கே பாடம் தேவைப்பட்ட விஷயத்தை, ஒரு சாதாரண அம்மா தானாகவே எப்படித் தெரிந்துகொள்வார்? லீலா சேத்துக்கே முதலில் கஷ்டமாக இருந்திருக்கிறது, அவரே எழுதியிருக்கிறார்.

மகள் கோர்ட் வரை போனால் முதலில் மாட்டுவது அம்மாதான். "நீ வளத்த லட்சணம்" என்பார்கள். (அப்பாவை யாரும் கேட்பதில்லை, கவனித்தீர்களா?) அவருக்குத் தெரிந்த கதவுகள் ஜோசியர், கோயில், 'மாத்திடலாம்' என்று சொல்லும் ஆள். அந்த அடியையும் பூட்டையும் நான் நியாயப்படுத்தவில்லை. அந்தப் பெண் வெளியே வந்ததுதான் சரி. ஆனால் இது நோய் இல்லை, யார் குற்றமும் இல்லை என்று அம்மாவிடம் தமிழில் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? சென்னையில் ஓரினம் போன்ற தன்னார்வக் குழுக்கள் சொல்கின்றன. ஆனால் தேடி வருபவர்களுக்குத்தானே அது கிடைக்கும்?

2021 தீர்ப்பிலேயே ஒரு வழி இருக்கிறது. பள்ளிகளில் நடக்கும் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள் என்றது. எங்கள் பள்ளிக் கூட்டம் ஒன்றைக்கூட என் அம்மா விட்டதில்லை, சமையலைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடி வருவார். அங்கே பேசியதெல்லாம் மார்க், ஃபீஸ், என் தலைமுடி நீளம்.