வளைவதும் முறிவதும்

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் இரவு எட்டரை மணியளவில் சென்னை மாநகர் சில வினாடிகள் நடுங்கிற்று. புதுச்சேரிக்கு அப்பால் வங்கக் கடலின் அடியில் பிறந்த அந்த நில அதிர்ச்சியின் அளவு ஏறத்தாழ 5.5. அடுக்குமாடிகளில் வாழ்ந்தோர் பலர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தனர். "நம் ஊரின் அடியில் இருப்பது கெட்டியான பழம்பாறை, இங்கே பூமி அதிராது" என்று நெடுங்காலம் நம்பியிருந்த நகரம் இது. கெட்டியாக இருப்பது பத்திரமாக இருப்பதாகுமா? ஆழ்வார்பேட்டையில் பழைய ஓட்டு வீடுகளும் மாடி வீடுகளும் மறைந்து, தூண்களின்மேல் அடுக்குமாடிகள் எழுந்துகொண்டிருக்கும் இந்நாளில், குடும்பத் தலைவரும் தலைவியும் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

எந்தத் திடப்பொருளும் தன்மேல் சுமத்தப்படும் பாரத்திற்கு மூன்று விதமாக மறுமொழி கூறுகிறது. பாரத்திற்கு இணங்கி, பாரம் நீங்கியதும் பழைய உருவுக்கே திரும்பிவிடுவது முதலாவது. வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடுவது இரண்டாவது. முறிந்துபோவது மூன்றாவது. பாரத்தால் பொருளினுள் எழும் விசையைத் தகைவு என்றும், அதனால் உருவில் நேரும் மாற்றத்தைத் திரிபு என்றும் நம் பிள்ளைகளின் பௌதிகப் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. பழைய காகிதம் வாங்க வருபவர் கையில் தூக்கிப் பிடிக்கும் வில் தராசு, பாரத்திற்கு ஏற்ற அளவே நீளுகிறது. பாரத்தை எடுத்ததும் சுருங்கிவிடுகிறது. இவ்விதியை 1678ஆம் ஆண்டில் விளக்கி எழுதியவர் ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேய அறிஞர். ஆனால் அத்தராசில் தாங்க முடியாத மூட்டையை மாட்டினால், வில் நீண்டது நீண்டபடியே நின்றுவிடும். அதற்குப் பின் அது காட்டும் எடையை நம்புவதற்கில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் இத்தகைய மீட்சி எல்லை ஒன்று உண்டு.

எல்லையைத் தாண்டிய பொருள் வளையுமா, முறியுமா என்பது பொருளை மட்டும் பொறுத்ததன்று. இல்லந்தோறும் உள்ள மெழுகுவர்த்தியைப் பாருங்கள். சித்திரை வெயிலில் சாளரத்தோரம் சாய்த்து வைத்த மெழுகுவர்த்தி மாலைக்குள் தலைகுனிந்து நிற்கும். யாரும் அதைத் தொடவில்லை. அதன் பாரமே அதை வளைத்தது. அதே மெழுகுவர்த்தியை மார்கழி விடியலில் இரு கைகளாலும் பற்றிச் சட்டென்று வளைத்தால் படக்கென்று முறியும். வெப்பமும் கால அவகாசமும் கிடைத்தால் அது வளைகிறது. குளிரும் அவசரமும் சேர்ந்தால் முறிகிறது.

பாறையும் மெழுகுவர்த்தியே

பூமியின் மேலோடும் இதே நியதிக்கு உட்பட்டது. கீழே செல்லச் செல்ல வெப்பமும் அழுத்தமும் மிகுகின்றன. ஏறத்தாழ 300 பாகை சென்டிகிரேடு வெப்பத்தை எட்டும் ஆழத்தில், பாறைகளில் பரவலாகக் காணப்படும் குவார்ட்ஸ் என்னும் கனிமம் முறிவதை விட்டு மெல்ல இழுபடத் தொடங்குகிறது. அதற்கு மேலுள்ள பகுதி குளிர்ந்தது, நொறுங்கும் இயல்புடையது. ஆகவேதான் கண்டங்களில் தோன்றும் நில அதிர்ச்சிகளுள் பெரும்பாலானவை மேல் 20 கிலோமீட்டர் ஆழத்திற்குள்ளேயே பிறக்கின்றன. ஆழத்துப் பாறை மெழுகுபோல் நகர்ந்து சுமையைக் கழிக்கிறது. மேற்பாறையோ அதைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரு நாள் முறிகிறது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. புனித தோமையாரின் நினைவைச் சுமந்து நிற்கும் பரங்கிமலையும் அதை அடுத்த பல்லாவரமும் சார்னகைட் என்னும் கருநிறப் பாறையால் ஆனவை. கல்கத்தாவில் உள்ள ஜோப் சார்னக்கின் கல்லறைக் கல் இப்பாறையே எனக் கண்ட தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலார், 1893ஆம் ஆண்டில் அவர் பெயரையே இதற்குச் சூட்டினார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமியின் மிக ஆழத்தில், 700 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருவானது அது. அக்காலத்தில் பிசைந்த மாவுபோல் இழுபட்டதன் தடங்களை இத்தகைய பாறைகளின் வரிகளில் நிலவியலார் காண்கின்றனர். இன்றோ அது குளிர்ந்துவிட்டது. அம்மியாகவும் படிக்கல்லாகவும் நமக்கு உதவும் அதன் கடினம், வளைந்து கொடுக்கும் இயல்பை இழந்தபின் எஞ்சிய கடினம்.

இப்பழம்பாறைமேல் அமைந்த நம் நாடு அசையாமல் நிற்கவில்லை. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. நம் விரல் நகம் வளரும் வேகத்தைவிட இது சற்றே அதிகம். வடக்கே இமயத்தில் அது மோதி நிற்பதால், இடையிலுள்ள பாறை முழுவதும் நெருக்குண்டு கிடக்கிறது.

இவ்வாறு சேரும் சுமை எப்படி வெளிப்படுகிறது என்பதை 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று சான்பிரான்சிஸ்கோவில் நேர்ந்த நில அதிர்ச்சி உலகுக்குக் காட்டிற்று. ஒரே நேர்கோட்டில் சென்ற வேலிகளும் சாலைகளும் பிளவின் இருபுறமும் துண்டாகி, சில இடங்களில் ஆறு மீட்டர் வரை விலகி நின்றன. முந்தைய நில அளவைகளை ஒப்பிட்டுப் பார்த்த ஹாரி ரீட் என்ற பேராசிரியர், அதிர்ச்சிக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்நிலம் வில்லைப்போல் மெல்ல வளைந்து வந்ததைக் கண்டார். பிளவின் இரு பக்கங்களும் உராய்வால் பற்றிக்கொண்டிருந்தவரை வளைவு கூடிக்கொண்டே சென்றது. பிடி விட்டதும் வில் நிமிர்ந்தது. அந்த நிமிர்வே நாம் உணரும் நடுக்கம். பல தலைமுறைகளாகச் சேர்ந்தது ஒரு நிமிடத்திற்குள் செலவாகிறது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் காலை, சுமத்ராவுக்கு அருகில் அத்தகைய பிடி ஒன்று ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்திற்கு விட்டுப்போயிற்று. நடுக்கத்தைச் சென்னையிலும் உணர்ந்தனர். ஆனால் அதன் பொருளை உணர்ந்தார் இலர். ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்திற்குப் பின் கடல் வந்தது. வேளாங்கண்ணியும் நாகப்பட்டினமும் பட்ட பாட்டை நம் திருச்சபைக் குடும்பங்கள் மறக்கவில்லை. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11 அன்று அதே கடலில் 8.6 அளவில் மற்றொன்று நேர்ந்தது. அம்முறை பாறைகள் மேலும் கீழுமாக அன்றிப் பக்கவாட்டில் வழுக்கியமையால் பேரலை எழவில்லை. எனினும் சென்னையின் கட்டடங்கள் ஆடின.

கடலுக்கு அப்பால் நேர்வது இருக்கட்டும், நம் தென்னாட்டுப் பாறையே முறியுமா? 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று விடியுமுன் மராட்டிய மாநிலத்து லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரி என்னும் ஊரருகே நேர்ந்தது இதற்கு விடை. அதன் அளவு 6.2. அசையாத பழம்பாறை எனக் கருதப்பட்ட தக்காணத்தில் ஆயிரக்கணக்கானோர் உறக்கத்திலேயே மாண்டனர். சேற்றை வைத்துக் கட்டிய பருமனான கல்சுவர்களே அவர்கள்மேல் சரிந்தன. 2002ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணய நிறுவனம் நில அதிர்ச்சி வரைபடத்தைத் திருத்தியபோது, அதுவரை இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னை மூன்றாம் மண்டலத்திற்கு மாற்றப்பட்டது. பேரழிவு வரும் என்பது இதன் பொருளன்று. மிதமான அதிர்ச்சியைத் தாங்கும்படி வீடு கட்ட வேண்டும் என்பதே பொருள்.

தூண்களின்மேல் நிற்கும் இல்லங்கள்

இனி நம் தெருவுக்கு வருவோம். ஆழ்வார்பேட்டையின் புதிய குடியிருப்புகளுள் பலவற்றில் தரைத்தளம் சுவரின்றித் திறந்து கிடக்கிறது. மோட்டார் வாகனங்களை நிறுத்த இடம் வேண்டும் அன்றோ! மேலே ஒவ்வொரு தளத்திலும் செங்கல் சுவர்கள் நிறைந்து, பெட்டிபோல் இறுகி நிற்கின்றன; கீழே வெறுந்தூண்கள். பூமி பக்கவாட்டில் ஆடும்போது மேற்பகுதி ஒரே கட்டையாக நகரும்; வளைவு முழுவதும் கீழ்த்தூண்களின் தலையிலும் காலிலும் விழும். 2001ஆம் ஆண்டு குடியரசு நாளன்று குஜராத்தின் புஜ் பகுதியில் நேர்ந்த அதிர்ச்சியில், இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத் நகரில் இத்தகைய அடுக்குமாடிகள் பல தூண் முறிந்து சரிந்தன. அருகிலேயே பழைய வீடுகள் பல நின்றன.

காங்கிரீட்டும் ஒரு வகைக் கல்லே. அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுவையில் அதன் பலம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். முன்னறிவிப்பின்றி நொறுங்கும். இரும்புக் கம்பியோ எல்லையைத் தாண்டியபின் நீண்டு, நெளிந்து, முறியுமுன் அவகாசம் தருகிறது. ஆகவேதான் இரண்டையும் இணைக்கின்றனர். ஆனால் வெறுமனே கம்பியைப் புதைத்தால் போதாது. தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களே, நம் கொத்தனார்கள் 'ரிங்' என்று கூறுபவையே, காங்கிரீட் பிதுங்கி உதிராமல் இறுகப் பிடித்து வைக்கின்றன. தூண் உத்தரத்தோடு சேரும் இடங்களில் அவ்வளையங்கள் 10 சென்டிமீட்டருக்கு மிகாத இடைவெளியில் நெருங்கியிருக்க வேண்டும். அவற்றின் நுனிக் கொக்கி வெறும் செங்கோணமாக நில்லாமல், 135 பாகை வரை மடங்கித் தூணின் உட்புறம் புக வேண்டும் என்று இந்திய விதி கூறுகிறது. செங்கோணக் கொக்கி, மேற்பூச்சு உதிர்ந்ததும் விரிந்துவிடும். கம்பியின் பெயரில் எண்ணை அடுத்து 'டி' என்ற எழுத்து இருந்தால், அது கூடுதலாக நீளும் தன்மையுடையது என்பதற்கு அடையாளம்.

இச்செய்திகள் பொறியாளருக்கு மட்டுமே உரியவை என்று எண்ணற்க. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கும் குடும்பம், சமையலறையின் பளிங்குக் கல்லைத் தடவிப் பார்க்கிறது. குழாயைத் திருகிப் பார்க்கிறது. தூணின் வளையங்களைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. காங்கிரீட் ஊற்றியபின் கேட்டுப் பயனுமில்லை. கட்டடம் எழும் காலத்தில், தகுதி பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்துச் சென்று காட்டும் செலவு, அலங்கார விளக்குகளின் செலவைவிட அதிகமாகாது. முன்பே கட்டி முடித்த குடியிருப்பாயின், குடியிருப்போர் சங்கம் கூடிப் பொறியாளரின் ஆலோசனையைப் பெற்று, தரைத்தளத்தில் ஏற்ற இடங்களில் சுவர் எழுப்பலாம், தூண்களுக்கு வலுவூட்டலாம். அறையைப் பெரிதாக்க எண்ணி, யாரையும் கேளாமல் சுவரையோ உத்தரத்தையோ இடிப்பது மட்டும் ஆகாது. அது மேல்மாடியில் உறங்கும் அயலாரின் உயிரோடு விளையாடுவதாகும்.

சுவரில் வெடிப்பு கண்டு கலங்குவோரும் உளர். தலைமயிர்போல் மெல்லிய பூச்சு வெடிப்பு பெரும்பாலும் அஞ்சத்தக்கதன்று. சாளர மூலையிலிருந்து சாய்வாக ஏறி நாளுக்கு நாள் அகலும் வெடிப்பே கவனத்திற்குரியது. பழைய பொறியாளர்கள் இதற்கு எளிய வழி ஒன்று வைத்திருந்தனர். மெல்லிய கண்ணாடித் துண்டை வெடிப்பின் குறுக்கே இரு முனைகளிலும் காரையால் ஒட்டி, அருகில் தேதியை எழுதிவைப்பர். சுவர் சிறிதே நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். கண்ணாடி உடைந்திருந்தால் பூச்சு வேலைக்காரரை அழைத்து வெடிப்பை மூடிவிடாமல், பொறியாளரை அழைக்க வேண்டும். மூடிய வெடிப்பு ஆறிய புண்ணன்று.

பூமி அதிரும்போதெல்லாம், "இது யார் செய்த பாவத்தின் பயன்?" என்று கேட்போர் உண்டு. 1755ஆம் ஆண்டு நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாளன்று, ஆலயங்கள் நிறைந்திருந்த காலை வேளையில் லிஸ்பன் மாநகர் இடிந்து விழுந்தபோதும் இக்கேள்வி எழுந்தது. அப்போது அரசு செய்ததைக் கவனியுங்கள். போர்த்துகல்லின் பங்குக் குருக்களுக்கு வினாத்தாள் அனுப்பி, அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் எழுந்ததா தாழ்ந்ததா, எத்தனை பேர் மாண்டனர் என்றெல்லாம் கேட்டறிந்தது. குருக்களின் அவ்விடைகள் இன்றும் ஆய்வாளர்க்கு உதவுகின்றன. புதிதாகக் கட்டிய வீடுகளின் சுவர்களுக்குள் குறுக்கும் நெடுக்குமாக மரச் சட்டங்கள் பொருத்தப்பட்டன. கல் நொறுங்கினாலும் மரம் வளைந்து கொடுத்து மனிதரைக் காக்கும் என்பதே கருத்து. பாவக் கணக்கு பார்ப்பதைவிட, உண்மையை உசாவி, அடுத்த தலைமுறைக்குப் பத்திரமான கூரையை அமைப்பதே அறத்திற்கு நெருக்கமானது.

பூமியின் மேலோட்டில் சேரும் சுமையை இறக்கி வைக்க நம்மால் இயலாது. அது எந்நாளில் முறியும் என்று கூறவும் இன்றைய அறிவியலால் இயலவில்லை. ஆனால் அது முறியும் நாளில் நம் இல்லத்துத் தூண்கள் வளைந்து நின்று, பிள்ளைகள் வெளியே ஓடுவதற்கு வேண்டிய சில வினாடிகளைத் தருமா, தராதா என்பது நம் கையில் உள்ளது. புதிய வீடு பார்க்கச் செல்லும் குடும்பங்கள் தூண்களைப் பற்றி ஒரு கேள்வியேனும் கேட்டு வருவார்களாக.